விருந்தினர்க்கு இடம்

விழா இருவகைத்து. ஊர் கூடிக் கொண்டாடுவது ஒன்று. அவ்வூர்க்கு வந்தோரை வீட்டில் வைத்துப் பேணுவது மற்றொன்று. முன்னதைப் பற்றி எழுதினோர் பலர். தேரின் அழகையும், விளக்கின் ஒளியையும், கூடினோர் தொகையையும் நாளிதழ்கள் ஆண்டுதோறும் தவறாது கூறுகின்றன. பின்னதைப் பற்றி எழுதுவோர் அரியர். பரண்மேற் கிடந்த பாய்களை இறக்கி உதறுதலும், அண்டை வீட்டில் இரண்டு போர்வை இரவல் வாங்குதலும், ‘இன்றிரவு யார் எங்கே படுப்பது?’ என்று அடுக்களை வாயிலில் நின்று மெல்லக் கலந்து பேசுதலும் எழுதத்தக்க பொருள்கள் அல்ல என்று அவர்கள் கருதினர் போலும். யானோ அவ்வினாவை மிகப் பெரிய வினாவென்றே எண்ணுகிறேன். ஒரு குடும்பம் பேசும் அறம் ஒன்றாகவும் செய்யும் அறம் மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். செய்யும் அறம் இன்னதென்பது, அவ்வினாவுக்கு அக்குடும்பம் அளிக்கும் விடையில் ஐயமறப் புலப்பட்டுவிடும்.

இவ்வினா ஆண்டுக்கொருமுறை ஓர் ஊர் முழுவதையும் எதிர்கொள்வதை யான் கண்டிருக்கிறேன். அவ்வூர் யான் பிறந்து வளர்ந்த திருவண்ணாமலை. கார்த்திகைத் திங்களில் பத்து நாள் விழா நடக்கிறது. பத்தாம் நாள் வைகறை நான்கு மணிக்குக் கோயிலினுள்ளே பரணி தீபமும், அன்று மாலை ஆறு மணிக்கு 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில் மகா தீபமும் ஏற்றப்படுகின்றன. அச்சுடர் பதினொரு நாள் எரியும். மலையைச் சுற்றி வரும் வழி 14 கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நகராட்சியின் மக்கள் தொகை ஒன்றரை இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. 2024-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. பெயர் உயர்ந்ததேயன்றித் தெருக்கள் அகன்றில. அத்தெருக்களில் தீபத்தன்று வந்து நிறைவோரோ பல இலட்சவர். ஊரைப் போலப் பன்மடங்கு பெரிய ஊரொன்று ஒரே இரவில் அதனுள் வந்து புகுகின்றது என்றால் மிகையாகாது.

இத்துணை மக்களுக்கு அரசாங்கம் தன்னால் இயன்றதைச் செய்கின்றது. ஊருக்கு வரும் சாலைகள் தோறும் தற்காலிகப் பஸ் நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. விழுப்புரம் காட்பாடி இருப்புப் பாதையில் சிறப்பு ரயில்கள் விடப்படுகின்றன. குடிநீரும் கழிப்பிடமும் மருத்துவ முகாமும் ஏற்பாடாகின்றன. மடங்களும் சத்திரங்களும் நிறைகின்றன. விடுதிகளின் அறை வாடகை பன்மடங்கு ஏறுகின்றது. இவையெல்லாம் நிறைந்தபின் எஞ்சி நிற்பது வீடு. ‘ஓர் இரவு மட்டும்’ என்று கைப்பேசியில் அத்தை சொல்வார். அத்தையுடன் சித்தப்பா வருவார்; சித்தப்பாவுடன் அவர் அலுவலகத்து நண்பர் வருவார்; அந்நண்பருடன், முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது மலைவலம் வந்தே தீருவேன் என்று புறப்பட்ட அவருடைய மாமியார் வருவார். இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீட்டில் அன்றிரவு பதினைந்து பேர் உறங்க வேண்டும்.

எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு. ஆயினும் இவ்வழக்கத்திற்கு அது விலக்கன்று. எந்தையாருடன் பணியாற்றுவோரும், எம் அன்னையாரின் பள்ளித் தோழியரும், அவர்தம் சுற்றத்தாரும் தீபத்திற்கு எம் இல்லத்தில் வந்து தங்குவது பல்லாண்டு வழக்கம். ஆதலின் இப்பொருளைப் பற்றிக் கேள்வியளவாகவன்றி, பாய் சுமந்த அனுபவத்தாலும் யான் சிறிது கூறலாம் என்று துணிகிறேன்.

முதற்கண் ‘விருந்து’ என்னும் சொல்லை நோக்குவோம். இன்று அச்சொல் உண்ணும் உணவையே பெரும்பாலும் குறிக்கின்றது. பண்டு அது புதுமையைக் குறித்தது. தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு ‘விருந்து’ என்று பெயரிட்டார். புதிதாகப் புனையப்படும் யாப்பு என்பது அதன் பொருள். பின்னர் அது புதிதாக வந்த மனிதரைக் குறித்தது. அதன்பின்னரே அவருக்கு இடப்படும் சோற்றைக் குறித்தது. திருவள்ளுவரும் இல்வாழ்வான் பேணவேண்டியோரை ஐவராக எண்ணுமிடத்தில் விருந்தினரை வேறாகவும் சுற்றத்தாரை வேறாகவும் வைத்தார். அவ்வரிசையில் விருந்தினர் முன்னும், சுற்றத்தார் பின்னும், தான் என்பது ஈற்றிலும் நிற்றல் கருதற்பாலது. எனவே, அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இடங்கொடுத்தல் சுற்றந்தழால் ஆகும். அவர்களுடன் வந்த, நாம் முன்பின் அறியாத அந்த முதியவருக்கு இடங்கொடுத்தலே விருந்தோம்பல் ஆகும். நம்மவர் பலர் முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதைச் செய்ததாக மகிழ்கின்றனர். கிரேக்கத்திலும் விருந்தோம்பலுக்கு வழங்கும் ‘பிலொக்செனியா’ என்னும் சொல் புதியோர்மாட்டு அன்பு என்றே பொருள்படுவது. நம் புதிய ஏற்பாட்டின் நிருபங்களில் வரும் சொல்லும் அதுவே. இரண்டு பழமொழிகள் ஒருங்கே ஒரு கருத்தை உணர்த்துமாயின், அக்கருத்து மனித இயல்பின் ஆழத்திலிருந்து தோன்றியதென்று கொள்வதில் தவறில்லை.

இனி, இக்கடமைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

‘வீடு சிறிது, என் செய்வது?’ என்பது முதல் தடை. இத்தடையைப் பொய்யென்று தள்ளுதல் ஆகாது. முற்காலத்து வீடுகளுக்குத் திண்ணை இருந்தது. வழிச்செல்வோன் எவரையும் கேளாமல் அதில் அமரலாம், படுக்கலாம். இப்பொழுது கட்டப்படும் வீடுகளில் திண்ணையிருந்த இடத்தில் இருசக்கர வண்டி நிற்கின்றது. அதன் முன்னே இரும்புக் கதவு நிற்கின்றது. வாடகை வீட்டில் இருப்போர்க்குத் தண்ணீர்த் தொட்டியின் அளவும், உரிமையாளரின் முகக்குறிப்பும் வேறு தடைகளாம். ஆயினும் இடம் என்பது சதுர அடிக் கணக்கு மட்டுமன்று. திருவண்ணாமலையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் பஸ்ஸில் சென்றடையத் தக்க திருக்கோவலூரில் இதற்குச் சான்றாகக் கூறப்படும் வரலாறு ஒன்று உண்டு. மழையிருளில் பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்கினார். அவ்விடம் ஒருவர் படுப்பதற்கே போதியது. பூதத்தாழ்வார் வந்தார், படுக்குமிடம் இருவர் அமரும் இடமாயிற்று. பேயாழ்வார் வந்தார், அமருமிடம் மூவர் நிற்கும் இடமாயிற்று. அதன்பின்னரும் நான்காமவர் ஒருவர் நெருக்கினாராம். நெருக்கினவர் யார் என்று விளக்கேற்றிப் பார்க்க முயன்றதே வைணவத் தமிழின் முதல் மூன்று அந்தாதிகளின் தோற்றம் என்பது அவர்தம் மரபு. அம்மரபில் பிறவாத எனக்கு அவ்வரலாறு உணர்த்துவது ஒன்று: இடைகழி பெரிதாகவில்லை. உள்ளே இருந்தவர் தம் நிலையை மாற்றிக்கொண்டனர். படுத்தவர் எழுந்து அமர்ந்தார். அமர்ந்தவர் எழுந்து நின்றார். இடங்கொடுத்தல் என்பது இவ்வளவே.

ஆனால் இங்கேதான் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. ஆழ்வார் கதையில் முதலில் எழுந்தவர் முதலில் வந்து வசதியாய்ப் படுத்திருந்தவர். நம் வீடுகளில் முதலில் எழுபவர் யார்? வீட்டுத் தலைவர் தம் கட்டிலில் இருக்கிறார். நாற்காலியும் விசிறியும் அவரிடமே உள்ளன. கூடத்தின் மூலையில் படுத்திருந்த பாட்டியின் பாய் அடுக்களைக்குப் போகிறது. தேர்வுக்குப் படிக்கும் பெண்ணின் மேசை வெளியே போகிறது. அன்னையோ அன்றிரவு படுப்பதேயில்லை. பதினைந்து பேருக்குக் காலையில் உப்புமாவும் சட்டினியும், வைகறையில் பரணி தீபம் காணப் புறப்படுவோர்க்கு அதற்கு முன்பே காப்பியும் அவர் கையால் ஆகவேண்டும். மறுநாள் விருந்தினர் விடைபெறும்பொழுது வாயிலில் நின்று ‘அடுத்த ஆண்டும் வாருங்கள்’ என்று முகமலர்ந்து சொல்பவர் வீட்டுத் தலைவர். பிறர் இடத்தை எடுத்துப் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் புகழைத் தான் பெறுதல் விருந்தோம்பல் ஆமோ? அது கொடையன்று, பங்கீட்டுப் பிழை.

ஆதலின் என் முதற்கருத்து இது: விருந்தினர்க்கு அளிக்கும் இடம், வீட்டில் வலியோரிடமிருந்து பெறப்படவேண்டுமேயன்றி மெலியோரிடமிருந்து பறிக்கப்படலாகாது. கட்டிலை முதலில் விடவேண்டியவர் கட்டிலுடையவரே. மொட்டை மாடிக்குப் போகவேண்டியோர், கார்த்திகைப் பனியைத் தாங்கவல்ல இளைஞராகிய நாமே. அடுக்களையில் பாத்திரம் துலக்குதற்கும் தண்ணீர் நிறைத்தற்கும் ஆண்மகன் கை கூசுமாயின், அவ்வீடு விருந்தினரை அழைக்கும் தகுதி பெற்றதன்று. இது புதுக்கொள்கை என்று எவரும் எண்ணற்க. சிலப்பதிகாரத்திற் கண்ணகி, தன் கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றை எடுத்துரைக்கும்போது விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் சேர்த்துரைக்கின்றாள். இருவர் கூடிச் செய்யவேண்டிய அறம் அது என்பதே இளங்கோவடிகள் கருத்து. ஒருத்தி மட்டும் செய்ய, மற்றவர் உண்ணும் வழக்கத்திற்கு அந்நூலில் இடமில்லை.

நம் வேதத்திலும் இதற்கொரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சூனேம் ஊரில் ஒரு பெண்மணி, அவ்வழியே அடிக்கடி செல்லும் எலிசா தீர்க்கதரிசிக்காகத் தன் வீட்டின் மேல்மாடியில் ஒரு சிற்றறை கட்டுவிக்கிறாள். கட்டிலும் மேசையும் நாற்காலியும் விளக்குத்தண்டும் ஆகிய நான்கு பொருள்களை அதில் வைக்கிறாள். முதலில் தன் கணவனோடு கலந்து பேசுகிறாள்; பின்னரே செய்கிறாள். எவருடைய படுக்கையையும் அவள் பறித்தாளில்லை. விருந்தினர் வந்த பின்னர்ப் பதறுவதினும், வருவார் என்று முன்னரே எண்ணி ஒழுங்கு செய்தல் மேலானது. நம் ஊரில் இனி வீடு கட்டுவோர், மாடியில் ஒரு சிறு கூரையும், வெளியிலிருந்து செல்லத்தக்க ஒரு கழிப்பறையும், உட்காரத் திண்ணையாக ஓர் அடி மேடையும் அமைப்பாராயின், அவர் செலவிடுவது சிறிதேயாகும். அதனால் வரும் பயனோ தலைமுறை தோறும் நிற்கும்.

இரண்டாம் தடை நம் கிறிஸ்தவ மக்கட்கே உரியது. ‘பிற சமயத்தார் தம் விழாவுக்கு வருகின்றனர், அவர்க்குப் பாய் விரித்தல் அவ்வழிபாட்டிற் பங்குகொள்வதாகாதோ?’ என்று சபையாருள் நல்லோர் சிலர் மெய்யாகவே மனம் நொந்து கேட்கின்றனர். அவர் மனச்சான்றை யான் இகழேன். ஆயினும் அவர்க்கு விடையாக நாம் ஆண்டுதோறும் டிசம்பரில் வாசிக்கும் வரலாற்றையே முன்வைக்கிறேன். தீபம் 2023-ஆம் ஆண்டில் நவம்பர் 26-ஆம் நாளும், 2024-ஆம் ஆண்டில் டிசம்பர் 13-ஆம் நாளும், 2025-ஆம் ஆண்டில் டிசம்பர் 3-ஆம் நாளும் வந்தது. அஃதாவது, கிறிஸ்து பிறப்புக்காக நாம் காத்திருக்கும் ஆயத்த காலத்தை ஒட்டியே எங்கள் ஊரில் மக்கள் இடம் தேடி அலைகின்றனர். குடிமதிப்பெழுதும் கட்டளையால் மக்கள் தத்தம் ஊருக்குத் திரண்ட காலத்தில், பெத்லகேமில் ஒரு கருவுற்ற பெண்ணுக்கு இடம் கிடையாமற் போனதை வாசித்து உள்ளம் உருகுகின்ற நாம், அதே வாரங்களில் நம் வாயிலில் நிற்கும் முதியவளை எம்முகத்தோடு நோக்குகிறோம்?

இன்னும் ஒன்று. லூக்கா எழுதிய அவ்விடத்தில் நம் தமிழ் வேதாகமம் ‘சத்திரம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘கட்டாலூமா’ என்னும் சொல் வீட்டில் விருந்தினர் தங்கும் அறையையும் குறிக்கும். ஆண்டவர் தம் சீடருடன் கடைசி இராவுணவு அருந்திய அறைக்கும் அதே லூக்கா அச்சொல்லையே வழங்குகிறார். நல்ல சமாரியன் காயமுற்றவனைக் கொண்டுசேர்த்த வழிப்போக்கர் விடுதிக்கோ அவர் வேறு சொல் வழங்குகிறார். அக்காலத்துப் பாலஸ்தீன வீடுகளில் கால்நடைகளை இரவில் வீட்டினுள்ளேயே ஒரு பக்கத்தில் கட்டுதல் வழக்கம் என்றும், ஆதலின் விருந்தறை நிறைந்துவிட்டபடியால் வீட்டார் தாம் குடியிருக்கும் பகுதியிலேயே, முன்னணையின் அருகே, அத்தாய்க்கு இடம் செய்துகொடுத்தனர் என்றும் அறிஞர் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்கத்தக்கதாயின், அவ்வரலாறு கதவடைத்த கொடியோர் கதையன்று. அறை நிறைந்தபின்னும் தாம் இருந்த இடத்தைச் சுருக்கிக்கொண்ட ஏழை வீட்டார் கதையாகும். தீபத்தன்று எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் அதுவே நடக்கின்றது. அவ்வீட்டார் வேறு சமயத்தார். செயலில் அவர் பெத்லகேமுக்கு நம்மினும் அணியர்.

பாய் கொடுப்பதால் நம் விசுவாசம் குறையாது. வந்தவர் மலையை நோக்கித் தொழுவார். நாம் நம் முறைப்படி இரவு ஜெபம் செய்வோம். எம் இல்லத்தில் யாம் ஜெபிக்கும்பொழுது விருந்தினர் அமைதியாக அமர்ந்திருப்பர். சிலர் தாமும் கைகூப்புவர். அவரை நாங்கள் எதனையும் கேட்டதில்லை. அவரும் எங்களை எதனையும் கேட்டதில்லை. வந்தவரிடம் வாதம் தொடங்குதல் விருந்தோம்பலை வலையாக்குவதாம். பன்னிரண்டு நாள் கழித்தோ ஒரு திங்கள் கழித்தோ கிறிஸ்துமஸ் வரும்போது, அவர் வீட்டுப் பிள்ளைகள் எம் வீட்டு முற்றத்தில் காகித நட்சத்திரம் கட்ட ஏணி பிடிப்பர். இதனினும் நல்ல சமய சமரசப் பேச்சை யான் எம்மேடையிலும் கேட்டிலேன்.

மூன்றாம் தடையை எவரும் வாய்விட்டுக் கூறார். ஆயினும் வலிமை மிக்கது அதுவே. ‘வந்தவர் யார்? எந்தத் தெரு? எந்த வகுப்பு?’ என்பது அது. நேராகக் கேளாமல் ஊரைக் கேட்டு, உறவைக் கேட்டு, குலத்தை அறிந்துகொள்ளும் திறம் நம்மவர்க்குப் பெரிது. அறிந்தபின் கூடத்தில் இடமா, வாயிற்புறத்தில் இடமா என்பது முடிவாகிறது. சிலர்க்குத் தண்ணீர் மட்டும் கிடைக்கிறது. பழைய திண்ணையைப் புகழ்வோர், அத்திண்ணை எல்லார்க்கும் திறந்திருந்ததில்லை என்பதையும் நினைத்தல் வேண்டும். கோயிற் கதவை எல்லா வகுப்பினர்க்கும் திறந்துவிடும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அவ்வாறிருந்தும், எங்கள் மாவட்டத்தைச் சேர்ந்த தென்முடியனூரில் ஆதிதிராவிட மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் அதிகாரிகளின் துணையுடன் முதன்முதல் அடிவைத்தது 2023-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாளில் என்றால், சட்டத்தின் கால் எவ்வளவு மெல்ல நடக்கின்றது என்பது விளங்கும். பொது இடமாகிய கோயிலுக்கே இக்கதி. வீட்டு வாயிலுக்கோ எச்சட்டமும் வாராது. வீட்டாரின் உள்ளமே அதற்குச் சட்டம். இதில் கிறிஸ்தவர் தம்மைக் குற்றமற்றோர் எனக் கூறிக்கொள்ளல் இயலாது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துண்டு வந்து, பந்தியிலும் மணவினையிலும் கல்லறையிலும் பிரிந்து நிற்கும் சபைகள் தமிழ்நாட்டில் உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

இவ்விடத்தில் நம் பழந்தமிழ் நூலொன்று எங்கள் மாவட்டத்திற்குப் பெருமை தருகின்றது. பத்துப்பாட்டுள் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம், திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கத்தை ஆண்ட நன்னனைப் பற்றியது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளையுடைய அந்நூல், பரிசில் பெற்ற கூத்தன் ஒருவன் எதிர்ப்பட்ட மற்றொரு கூத்தர் கூட்டத்திற்கு வழி கூறும் வகையில் அமைந்தது. அதில் யான் வியப்பது மன்னன் கொடையை அன்று. மன்னனிடம் செல்லுமுன் வழியிலுள்ள சிற்றூர்களில் கிடைக்கும் வரவேற்பையே. மலைக்குறவரும் ஆயரும் உழவரும், தம்மிடம் உள்ளது எதுவோ அதனை, முன்னறியாத ஆடல் மாக்களுக்குச் சுற்றத்தார்க்கு இடுவது போல் இடுவர் என்று புலவர் கூறுகின்றார். வந்தவர் அரசரல்லர், யாழும் முழவும் சுமந்து பசியோடு நடந்த எளியர். அந்நிலத்தின் பழைய பெயர் அது. அப்பெயரைக் காத்தலும் இழத்தலும் இன்று அங்கு வாழும் எங்கள் கையில் உள்ளன.

நான்காவதாகப் பொருள் பற்றிய பேச்சு வரும். ‘அறையை வாடகைக்கு விட்டால் ஓரிரவில் ஆயிரக்கணக்கில் வருமே, சும்மா கொடுப்பானேன்?’ என்பர் சிலர். வாடகைக்கு விடுதல் குற்றமன்று. அது நேர்மையான தொழில். கைம்பெண் ஒருத்தி தன் மாடியறையை விழாக்காலத்தில் வாடகைக்கு விட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவை ஈடுசெய்வாளாயின் அவளை எவர் பழிப்பர்? ஆனால் தொழிலுக்கும் ஓர் அறம் உண்டு. சொன்ன விலையை ஆள் தளர்ந்திருப்பது கண்டு இரவு பத்து மணிக்கு உயர்த்துதலும், கைக்குழந்தையோடு நிற்பவளிடம் வெந்நீருக்கும் கழிப்பறைக்கும் தனித்தனியே காசு பறித்தலும் வாணிகம் அல்ல. விருந்தினரென்று அழைத்துவிட்டுக் கணக்கு நீட்டுதலும் ஆகாது; வாடகை வாங்கிக்கொண்டு விருந்தோம்பினேன் என்று பெருமை பேசுதலும் ஆகாது. இரண்டும் வெவ்வேறு, இரண்டும் தத்தம் இடத்தில் நேர்மையாய் இருத்தல் வேண்டும்.

விருந்தினர்க்கும் கடமை உண்டு என்பதை மறுத்தற்கில்லை. எத்துணைப் பேர் வருகிறோம் என்பதை முன்னரே உரைத்தல், தம் போர்வையைத் தாமே கொணர்தல், தண்ணீரை அளந்து செலவிடுதல், உண்ட தட்டைத் தாமே கழுவுதல், குறித்த நாளில் புறப்படுதல் என்னும் இவை சிறு செயல்களாயினும் வீட்டாரின் முகமலர்ச்சியைக் காப்பவை. இடங்கொடுத்தவரின் இடத்தை மேலும் மேலும் பற்றிக்கொள்ளும் விருந்தினர், அடுத்து வரும் ஏழை விருந்தினர்க்குக் கதவை அடைத்தவராவர்.

இவ்வளவும் கூறியபின், கூறாது விடமுடியாதது ஒன்று எஞ்சி நிற்கின்றது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையால் அதே மலையின் சரிவில் மண் சரிந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஏழு பேர் மாண்டனர். அவருள் ஐவர் சிறுவர். பன்னிரண்டு நாள் கழித்து மலையுச்சியில் தீபம் எரிந்தது. மண்ணின் நிலை கருதி அவ்வாண்டு பக்தர்கள் மலையேற விடப்படவில்லை. மலைச்சரிவில் மக்கள் வீடு கட்டிக்கொள்வது காட்சி இன்பத்திற்காகவன்று. கீழே அவர் கைக்கு எட்டும் விலையில் நிலம் இல்லாமையாலேயே. பல இலட்சம் விருந்தினர்க்கு ஓரிரவு இடம் தேடிக் கொடுக்கும் ஊர், தன்னுள் பிறந்து தன் தெருக்களைக் கூட்டியும் மூட்டை சுமந்தும் வாழும் ஏழைக்கு ஆண்டு முழுவதும் அச்சமின்றி உறங்கும் இடம் கொடுத்ததா என்னும் வினா அன்று எழுந்தது, இன்றும் அடங்கவில்லை. வீட்டார் செய்யவேண்டியது வேறு, ஊரார் செய்யவேண்டியது வேறு, அரசு செய்யவேண்டியது வேறு. எனினும் மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: முன்னரே வசதியாய் அமர்ந்திருப்பவர் சற்று ஒதுங்கவேண்டும். விழாக்காலத்தில் வீட்டில் இதனைப் பழகாதவர், நகர்மன்றத்திலும் சட்டசபையிலும் இதனைச் செய்வார் என்று எதிர்பார்த்தல் வீண்.

அற நிலையங்கள் இருக்கின்றனவே, வீடு எதற்கு என்று வினவலாம். இராமலிங்க அடிகளார் வடலூரில் 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. எங்கள் ஊரிலேயே இரமணாசிரமத்தில் நாள்தோறும் துறவியர்க்கும் ஏழையர்க்கும் உணவளித்த பின்னரே ஏனையோர் பந்தி தொடங்குகின்றது. இவை வணங்கத்தக்கன. ஆயினும் நிலையம் பசியை ஆற்றும். பெயரைக் கேட்டு, கால்வலிக்கு எண்ணெய் தந்து, ‘அம்மா, உறக்கம் வந்ததா?’ என்று காலையில் வினவுவது வீடு ஒன்றே.

நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு விடுதி காலியாகும். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் சில அறைகளில் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். வெகுதொலைவிலுள்ள மாநிலங்களிலிருந்து வந்து, ரயில் கட்டணத்துக்கு வழியின்றித் தங்கிவிடுவோரும், திரும்பிச் செல்லத் தாய்தந்தையர் இல்லாதோரும் அவ்வறைகளில் இருக்கின்றனர். அவர்கள் நம்மை அழையுங்கள் என்று கேட்கமாட்டார்கள், கேட்பது எளிதன்று. இவ்விதழ் கைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு எழுதி, ‘ஒருவரை உடன் அழைத்து வருகிறேன், என் கட்டிலை அவருக்குக் கொடுப்பேன், பாத்திரமும் நானே துலக்குவேன்’ என்று அறிவிப்பாராக. அவர் எச்சமயத்தார், எம்மொழியார், எவ்வகுப்பினர் என்று எழுதவேண்டுவதில்லை. அவர் பெயரை மட்டும் எழுதினால் போதும்.